பிரின்ஸ்டன் போய்ச் சேராத கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை

மூணாறு, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்திலோ, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில், பையனோ பெண்ணோ கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னால் பெற்றோர் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். டாக்டர் என்றதும் வைத்தியர் என்று நினைத்து மகிழ்ந்துவிட்டு, விஷயம் தெரிந்த பிறகு முகம் வாடுகிறவர்களும் உண்டு. இன்னும் நான்கைந்து வருஷம் படிப்பா, அதுவரை குடும்பத்தை யார் பார்ப்பது, கணக்கில் கண்டுபிடிக்க இன்னும் என்னதான் மிச்சமிருக்கிறது என்று கேள்விகள் வரிசையாக வரும். இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் தாண்டி வந்த ஒருவர் இதே மலைத்தொடரின் தெற்குப் பக்கத்தில் பிறந்தவர். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. உலகக் கணித நூல்களில் எஸ்.எஸ். பிள்ளை.

பெயரில் பிள்ளை என்று இருப்பதையும், திருவனந்தபுரத்தில் படித்தவர் என்பதையும் கண்டு அவரை மலையாளி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் தமிழர், குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லம் என்ற சிற்றூரில் 1901 ஏப்ரல் 5ல் பிறந்தவர். ஆனால் பள்ளியிலிருந்து பி.ஏ. வரை அவர் பெற்ற கல்வி அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிடைத்தது. செங்கோட்டையும் நாகர்கோவிலும் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1ந் தேதி மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்தக் கோடு விழும்போது பிள்ளை உயிரோடு இல்லை.

சாஸ்திரியார் கொடுத்த பணம்

பிள்ளையின் தாயார் கோமதி அம்மாள், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே காலமானார். தந்தை சுப்பையா பிள்ளையும் உறவினரான ஒரு மூதாட்டியும் குழந்தையை வளர்த்தார்கள். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பையனின் கணக்குத் திறமையை முதலில் கண்டுகொண்டவர் சாஸ்திரியார் என்ற ஆசிரியர்.

பள்ளிப் படிப்பு முடியுமுன்பே தந்தையும் போய்விட்டார். தாயும் தந்தையும் இல்லாத ஏழைப் பையன் ஒருவன் அந்தக் காலத்தில் அதற்கு மேல் என்ன செய்வான்? கடையில் கணக்கு எழுதப் போவான்; இல்லாவிட்டால் உறவினர் வீட்டு வயலில் நிற்பான். அப்படி நேராமல் தடுத்தவர் சாஸ்திரியார்தான். தம் கைப்பணத்தைக் கொடுத்துப் பையனைத் தொடர்ந்து படிக்க வைத்தார். பள்ளி ஆசிரியர்களுக்கு அன்று என்ன சம்பளம் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். ராமானுஜனுக்கு ஹார்டி கிடைத்த கதை உலகமெல்லாம் தெரியும். பிள்ளைக்குச் சாஸ்திரியார் கிடைத்த கதையை யார் சொல்கிறார்கள்? என்னைக் கேட்டால் இரண்டாவது கதை முதல் கதைக்குக் குறைந்ததல்ல.

பிறகு உபகாரச் சம்பளம் கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று வழங்குவது அந்தக் கல்லூரிதான். திருவிதாங்கூருக்கு என்று தனிப் பல்கலைக்கழகம் 1937ல்தான் ஏற்பட்டது. அதுவரை இந்தக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆகவே மேற்கொண்டு ஆராய்ச்சி என்றால் மலை தாண்டிச் சென்னைக்குத்தான் போகவேண்டும்.

சென்னையில் ஆராய்ச்சி மாணவர்

1927ல் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெற்றார். இதே பல்கலைக்கழகம் 1913ல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது நினைவிருக்கலாம். அந்த வழியில் வந்தவர்தான் பிள்ளையும். அந்நாளில் கணிதத்தில் டாக்டர் பட்டம் என்பது சென்னையில் பழக்கமில்லாத விஷயம். வசதியுள்ளவர்கள் கேம்பிரிட்ஜுக்கோ ஆக்ஸ்போர்டுக்கோ கப்பல் ஏறினார்கள், மற்றவர்கள் எம்.ஏ.யோடு நின்று கல்லூரிகளில் பாடம் நடத்தினார்கள்.

பிள்ளைக்கு வழிகாட்டிய ஆசிரியர்கள் இருவர். ஒருவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்த ராவ். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே காலத்தில் அங்கே ஹார்டியிடம் பயின்று திரும்பியவர். மற்றவர் ஆர். வைத்தியநாதசுவாமி. ஆனந்த ராவின் மாணவர்களில் டி. விஜயராகவன் ஆக்ஸ்போர்டு சென்று ஹார்டியிடம் ஆராய்ச்சி செய்தார். பிள்ளை போகவில்லை. அவருடைய ஆராய்ச்சி முழுவதும் இந்தியாவிலேயே, இந்திய நூலகங்களில் கிடைத்த புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் வைத்துக்கொண்டே நடந்தது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. கணிதத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டத்தை முதன்முதலில் பெற்றவர் அவரே என்று சொல்வார்கள்.

1929ல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய பெயரை உலகம் அறியச் செய்த வேலையெல்லாம் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்ததே.

160 ஆண்டுக் கணக்கு

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

1, 4, 9, 16 என்பவை வர்க்க எண்கள். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதை நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டி எழுதிவிடலாம். 7 என்றால் 4, 1, 1, 1. இதை 1770ல் பிரெஞ்சு அறிஞர் லாக்ராஞ்சு நிரூபித்தார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு வேரிங், கன எண்களானால் ஒன்பது போதும், நாலாம் படியானால் பத்தொன்பது போதும், மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் இப்படி ஒரு தொகை உண்டு என்று எழுதி வைத்தார். நிரூபணம் கொடுக்கவில்லை. அவர் எழுதிப் போட்டதற்கு வேரிங் பிரச்சினை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கன எண்களில் 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 8, ஏழு 1; ஆக ஒன்பது. அதற்குக் குறைந்து முடியாது. ஒன்பது எந்த எண்ணுக்கும் போதும் என்பது 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முழுமையாக நிரூபணமாயிற்று. எந்தப் படியானாலும் இப்படி ஒரு தொகை நிச்சயம் உண்டு என்று ஜெர்மானிய மேதை ஹில்பர்ட் 1909ல் நிரூபித்தார். ஆனால் அது எவ்வளவு என்று அவர் வழி சொல்லவில்லை. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது என்று தெரியும். எத்தனை மூட்டை என்று தெரியாது, அவ்வளவுதான்.

பிள்ளை எண்ணத் தொடங்கியது அந்த மூட்டைகளை. ஆறாம் படியைப் பாருங்கள். 2ன் ஆறாம் படி 64. 3ன் ஆறாம் படி 729. 703 என்ற எண்ணை எடுத்தால், அது 729க்குக் குறைவு. ஆகவே 64ஐயும் 1ஐயும் வைத்துத்தான் அதைக் கட்டவேண்டும். பத்து 64 போட்டால் 640; மிச்சம் 63 ஒன்றுகள். ஆக 73. எனவே 73க்குக் குறைந்து போதாது என்பது இரண்டு நிமிஷக் கணக்கு. ஆனால் 73 எல்லா எண்ணுக்கும் போதுமா? எண்களுக்கு முடிவே இல்லையே, எதை வைத்து நிரூபிப்பது? அங்கேதான் வேலை இருக்கிறது.

மிகப் பெரிய எண்களைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஹார்டியும் ராமானுஜனும் 1918ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் முளைத்து, ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் வளர்த்து, ரஷ்ய அறிஞர் வினோகிராடோவ் 1930களின் நடுவில் கூர்மைப்படுத்திய முறை அது. பெரிய எண்கள் அந்த முறைக்கு அடங்கும். ஆனால் அந்தப் பெரிய என்பது எங்கே தொடங்குகிறது என்பதை எழுதிக் காட்டவே தாள் போதாது. அதற்குக் கீழே உள்ள எண்களை வேறு வழியில், படிப்படியாக, கைக்கணக்காக ஏறித்தான் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இரண்டு பக்கத்திலிருந்தும் சுரங்கம் வெட்டி நடுவில் சந்திப்பது போன்ற காரியம் இது. சிதம்பரத்தில் உட்கார்ந்து பிள்ளை இதைச் செய்தார். ஏழாம் படிக்கும் அதற்கு மேற்பட்ட படிகளுக்கும் உரிய தொகையைத் தரும் வாய்பாட்டை 1935, 1936ல் நிரூபித்து வெளியிட்டார். பிறகு 1940ல், அந்த முறைக்கு அடங்காமல் நின்ற ஆறாம் படிக்கு விடை 73தான் என்று நிறுவினார். ஐந்தாம் படியும் நாலாம் படியும் தீராமல் கிடக்கும்போது ஆறாம் படி தீர்ந்துவிட்டது! ஐந்தாம் படியின் விடை 37 என்பதைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964ல்தான் நிரூபித்தார்.

ஏழாம் படிக்கு மேற்பட்ட விடையில் மட்டும் ஒரு சிக்கல். அதே காலத்தில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிக்சன் என்ற பெரிய பேராசிரியரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. டிக்சனின் கட்டுரை அமெரிக்கச் சஞ்சிகையில் வந்து உலகமெங்கும் போயிற்று. பிள்ளையின் கட்டுரைகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையிலும் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையிலும் வந்தன. சிதம்பரத்தில் அச்சாகும் ஒரு சஞ்சிகையைச் சிகாகோவில் யார் தேடி எடுத்துப் படிப்பார்கள்? இன்று கணித நூல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் ஆறாம் படியில் பங்கு கேட்க யாரும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பிள்ளையுடையது.

பிள்ளை விட்டுச் சென்ற புதிர்கள்

வேரிங் கணக்கு ஒன்றோடு அவர் நின்றுவிடவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த கணித அறிஞர் சர்வதமன் சௌலாவோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சேர்ந்து சில கட்டுரைகளும் எழுதினார்கள். அண்ணாமலையிலும் வால்டேரிலும் லாகூரிலுமாக இருவரும் இருந்த காலத்தில் தபால்தான் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம்.

பிள்ளையின் ஒரு கண்டுபிடிப்பை வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுங்கள். 24, 25, 26, 27, 28 என்று வைத்துக்கொள்வோம். இதில் 25க்கும் மற்ற நான்குக்கும் 1ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது. இப்படித் தொடர்ச்சியாக எத்தனை எண்கள் எடுத்தாலும், மற்ற எதனோடும் ஒட்டாத ஓர் எண் நடுவில் இருக்குமா? 16 எண்கள் வரை எங்கிருந்து தொடங்கினாலும் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். 17 ஆனால் உடைந்துவிடுகிறது. 2184லிருந்து 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். அப்படி ஒட்டாத எண் ஒன்றுகூட அதில் கிடையாது. 17 முதல் 430 வரை எந்த நீளத்திலும் இப்படி உடையும் இடங்கள் உண்டு என்பதையும் அவர் காட்டினார். அதற்கு அப்பால் எல்லா நீளத்துக்கும் இது பொருந்தும் என்பதை 1941ல் ஆல்பிரட் பிரவர் முடித்து வைத்தார்.

இன்னொன்று, 2ன் படிகளும் 3ன் படிகளும் பற்றியது. 8லிருந்து 3 போனால் 5; 32லிருந்து 27 போனாலும் 5. 16லிருந்து 3 போனால் 13. 256லிருந்து 243 போனாலும் 13. 2லிருந்து 3ஐயும் 8லிருந்து 9ஐயும் கழித்தால் இரண்டிலும் ஒன்று குறைகிறது. இந்த மூன்றைத் தவிர இப்படி இருமுறை வரும் வித்தியாசம் வேறு கிடையாது என்று பிள்ளை கருதினார். அவர் கருதியது சரியே என்று 1982ல் டச்சு அறிஞர்கள் ஸ்ட்ரூக்கரும் டைடெமனும் நிரூபித்தார்கள்.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்றும் உண்டு. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கம், கனம் முதலான எல்லாப் படி எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், எந்த ஒரு வித்தியாசமும் அந்த வரிசையில் சில தடவைதான் வரும், முடிவில்லாமல் வந்துகொண்டே இராது என்றார் பிள்ளை. பிள்ளையின் ஊகம் என்றே இது வழங்குகிறது. வித்தியாசம் 1 என்ற ஒரே ஒரு சந்தர்ப்பத்தை 2002ல் மிகைலெஸ்கு என்ற ருமேனிய அறிஞர் தீர்த்தார். அது 8, 9 என்ற ஜோடியில் மட்டும் வரும். மற்றவை இன்றும் தீராமல்தான் நிற்கின்றன. கணக்கில் கண்டுபிடிக்க என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கல்கத்தாவும் கெய்ரோவும்

1941ல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். படித்த ஊருக்கே ஆசிரியராகத் திரும்பிய அவர் அங்கே தங்கியது ஓராண்டுதான். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எப்.டபிள்யூ. லெவி என்ற ஜெர்மானிய யூதப் பேராசிரியர் இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி வந்தவர். அவர் அழைப்பின்பேரில் 1942ல் பிள்ளை கல்கத்தா சென்றார். கல்கத்தாவுக்கு அது சோதனைக் காலம். ஜப்பானியக் குண்டுவீச்சு, 1943ல் வங்கப் பஞ்சம், 1946ல் கலவரம், அடுத்த ஆண்டு பிரிவினை. அத்தனைக்கும் நடுவே பிள்ளை பாடம் சொன்னார், கட்டுரைகள் எழுதினார்.

1950ல், அதுவரை கடல் தாண்டாத அவருக்கு, இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, ஐன்ஸ்டீன் இருந்த பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய. மற்றொன்று, ஆகஸ்டு 30ந் தேதி ஹார்வர்டில் தொடங்கவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்கு; அதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்ள. போர் காரணமாக 1936க்குப் பிறகு அந்த மாநாடு கூடவே இல்லை. உலகத்து எண்ணியல் அறிஞர்கள் பலரை முதல் தடவையாக நேரில் பார்க்கும் வாய்ப்பு அது.

பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. கம்பெனி விமானத்தில் அவர் சென்றார். ஆகஸ்டு 31ந் தேதி இரவு கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் விமானத்தின் ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. விமானி திரும்ப முயன்றார். முடியவில்லை. கெய்ரோவுக்கு வடமேற்கே விமானம் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். எகிப்தின் சினிமா நட்சத்திரம் காமெலியா அதில் இருந்தார். சண்டீகர் நகரத்துக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் நொவிக்கியும் இருந்தார். அவர் மறைந்த பின்னரே அந்த வேலை லெ கார்புஸியேயிடம் போயிற்று. அதே விமானத்தில் நம் பிள்ளையும். வயது 49. மாநாடு முந்திய நாளே தொடங்கிவிட்டிருந்தது. அவர் வருவார் என்று காத்திருந்த இடத்தில் அனுதாபம் தெரிவிக்கப்பட்டது.

பிள்ளை தீர்க்காமல் விட்ட நாலாம் படிக் கணக்கு, 1986ல் முடிவுக்கு வந்தது. விடை, வேரிங் சொன்ன அதே 19. அதை நிரூபித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையின் கட்டுரைகள் நெடுங்காலம் பழைய சஞ்சிகைகளின் பைண்டு வால்யூம்களில் சிதறிக் கிடந்தன. அதே பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் அவற்றைத் தேடித் தொகுக்க, ராமானுஜன் கணிதச் சங்கம் 2010ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. சௌலாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்து மாணவர்கள் இன்று கணித ஆராய்ச்சிக்கு மலை தாண்டவேண்டியதில்லை. 2015 முதல் பாலக்காட்டிலேயே ஐ.ஐ.டி. நடக்கிறது. பீர்மேடு, தேவிகுளம் மாணவர்கள்தான் இன்னும் மலை இறங்கிப் போகவேண்டும்.